மேல் டிவிஷனின் நாற்பத்தெட்டுக் காம்பிரா: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில் மடுல்கலைக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். இப்போது அதில் இரண்டு டிவிஷன்கள்தான் (தோட்டப் பிரிவுகள்) இயங்குகின்றன. மூன்றாவதாக மேல் டிவிஷன் என்று ஒன்று இருந்தது. நாற்பத்தெட்டுக் காம்பிரா, அதாவது ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று கட்டிய தொழிலாளர் வீடுகள், கொண்டது. அங்கே விளக்கெரிந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் நான் எழுதப் போவதில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

நான் கீழ் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஒரு நாள் மலைக் கணக்குப்பிள்ளை (வெளிவேலையை மேற்பார்ப்பவர்) வீட்டுக்கு வந்து, மேல் டிவிஷன் காட்டை வெட்டி ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) விறகுக்காகக் கருப்பந்தைல (யூகலிப்டஸ்) மரம் நடப் போகிறார்கள் என்றார். வேலை தொடங்க மூன்று மாதம் இருந்தது. அதற்குள் அங்கே இருப்பதைப் படமெடுத்து எழுதி வைக்கலாமா என்று கேட்டார். அவருடைய அப்பா பிறந்தது அங்கேதான். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டோம். சின்னத்துரை (உதவி மேலாளர்) வாய்வார்த்தையாகச் சரி என்றார். நான், கணக்குப்பிள்ளை, உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் சேர்ந்தோம். நான்கு பேருக்குமே இந்த வேலையில் முன் அனுபவம் இல்லை.

அந்த டிவிஷன் ஏன் காலியானது என்று கீழே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மண்சரிவு. மேலே மலை வெடித்தது, ஆட்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். நானும் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

அந்த இடத்தின் வயது

மேல் டிவிஷன் முதலில் கோப்பி (காப்பி) பயிரிட்ட காடு. கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கி, அடுத்த இருபது வருஷத்தில் மலை மலையாகப் பரவின. காட்டை வெட்டித் தீ வைத்து முதல் கன்றுகளை நட்டவர்கள், தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக ஏறி வந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரயிலும் கப்பலும் தலைமன்னாரில் இணைந்தது 1914இல்தான்.

கோப்பிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் பூஞ்சணம் விழுந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். மேல் டிவிஷனில் ஒரு ஊர் உண்டானது அப்படித்தான். லயம் (ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகள்) கட்டி, சாமி வைத்து, இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். அந்தச் சரிவில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் தடவை ஏறியபோது

மாசி மாதம், மழை குறைந்த நாட்கள். டிராக்டர் போகும் பாதை முடிந்த பிறகு இரண்டு மணிநேர ஏற்றம். காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போயும் அட்டை விடவில்லை. ஒரு வளைவு திரும்பியதும் வெளிச்சம் மங்கியது. மேலே பார்த்தேன். சுற்றிலும் இருந்தவை தேயிலை மரங்கள். கவ்வாத்து வெட்டாமல் விட்ட செடிகள் இருபது, இருபத்தைந்து அடிக்கு வளர்ந்து, தலைக்கு மேலே கிளை கோத்து நின்றன. இடுப்பளவு பச்சையாகவே தேயிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேயிலை என்று பட நேரமெடுத்தது. ஆனால் அடிமரங்கள் மட்டும் நட்ட வரிசையில், நட்ட இடைவெளியில் நின்றன. தரையெங்கும் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

அதைத் தாண்டினால் மானாப்புல்லும் உன்னிச்செடியும் மூடிய மேடு. அதற்குள்தான் லயங்கள். நான்கு லயம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காம்பிரா. கூரைத் தகரம், கதவு, நிலை எல்லாம் எப்போதோ கழற்றிப் போகப்பட்டிருந்தன. கருங்கல் அடித்தளமும் இடுப்பளவுச் சுவர்களும் மிச்சம். ஒரு காம்பிராவை அளந்தோம்: பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு (தாழ்வாரம்). மூலையில் அடுப்புக்கரி ஏறிய சுவர், இன்னும் கறுப்பாகவே இருந்தது.

பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாறையில் வெட்டிய ஓடை, அதன் முனையில் ஒரு தகட்டுத் துண்டு, கீழே குடம் வைத்து வைத்துக் குழிந்த கல். அந்தச் சத்தம் மட்டும்தான் அங்கே ஊர் இருந்த காலத்துச் சத்தம் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. சமதரை அது ஒன்றுதான். ஓரத்தில் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு தொங்கியது. காலையில் ஆள் கூப்பிட அதைத்தான் அடிப்பார்களாம். மரம் வளர்ந்து கம்பியை விழுங்கியிருந்தது.

அன்று என் கைபேசியில் பதினொரு படம் எடுத்தேன். எதற்கென்று யோசித்து எடுத்தவையல்ல. பிள்ளைகள் நின்ற இடத்தில் இரண்டு, பீலி ஒன்று, மற்றவை சும்மா பச்சை.

துப்புரவாக்கியது

இரண்டாவது தடவை போவதற்கு முன் கூடிப் பேசினோம். புதருக்குள் அளக்கவும் முடியாது, படமும் விழாது. அதனால் முதலில் இடத்தைத் துப்புரவாக்குவது என்று முடிவெடுத்தோம். அப்போது அது சரியான முடிவாகத்தான் தோன்றியது. கீழ் டிவிஷன் இளைஞர்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்காமல் வந்தார்கள். புல் வெட்டும் மெஷின் இரண்டு, கத்தி, மண்வெட்டி. சாயந்தரத்துக்குள் முதல் இரண்டு லயமும் பாதி மூன்றாம் லயமும் சுத்தமாகிவிட்டன. வெட்டியதைக் குவித்துத் தீ வைத்தோம்.

சுவர்கள் துலக்கமாகத் தெரிந்தன. எங்களுக்கு மெத்தச் சந்தோஷம். அளவு எடுத்தோம், ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை காம்பிராக்களுக்கு எண் போட்டோம். கூடவே ஏராளமான பொருட்கள்: உடைந்த கோப்பை, மண்ணெண்ணெய் விளக்கின் கழுத்து, கவ்வாத்துக் கத்தி ஒன்று, பதினாறு அம்மி, ஒன்பது ஆட்டுக்கல். இவ்வளவு அம்மி ஏன் கிடக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். தூக்கிக்கொண்டு போகக் கனமாக இருந்திருக்கும் என்றேன். அந்தப் பதில் போதாது என்று பிறகுதான் புரிந்தது. கீழ் டிவிஷனுக்கு இறங்குகிறவர்கள் அம்மியை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். மூன்று மைல்தானே, இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்துவிடுவார்கள்.

பெரியவர்கள் ஏறிய நாள்

எண் போட்டாயிற்று, இனி ஆள் யார் யார் என்று எழுத வேண்டும். மேல் டிவிஷனில் வாழ்ந்தவர்களில் ஏறக்கூடிய நிலையில் இரண்டு பேர் இருந்தார்கள். எண்பதை நெருங்கும் பாட்டி ஒருவர். கங்காணியின் மகன், எழுபத்தைந்து வயதுத் தாத்தா ஒருவர். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றோம். பாட்டி மறுத்துவிட்டார். "பொறந்த எடத்துக்கு நாலு பேரு தூக்கிட்டுப் போற நேரம் இன்னும் வரல தம்பி" என்றார். நான்கு மணிநேரம் எடுத்து நடந்தே ஏறினார்.

பெரட்டுக்களத்தில் நின்று கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு முதலாம் லயத்தின் முன்னால் நடந்தார். கடைசி வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார், சுவருக்கு முன்னால் உள்ள தரையை.

"எங்கப்பா செடியெல்லாம்?"

வெட்டிவிட்டோம் பாட்டி, இடம் தெரிய வேண்டாமா என்றேன்.

"எங்க வாசல்ல வெள்ளச் செம்பருத்தி, அடுக்கு. பக்கத்து வீட்டுல ரோசா. அதுக்கு அடுத்த வீட்டுல நாரத்த. செவரு எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதானே, அத வச்சு எப்புடிச் சொல்லுவேன்?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தெட்டுக் காம்பிராவும் ஒரே அச்சு, வெள்ளைக்காரன் கட்டியது. குடியிருந்தவர்கள் தமக்கென்று வைத்தது வாசல் செடி மட்டும். அவை முப்பது வருஷத்துக்கு மேலாகக் கவனிப்பாரற்று, காட்டோடு காடாக, வைத்த இடத்திலேயே நின்றிருந்தன. யார் வீடு எது என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளத்தை நாங்கள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி எரித்துவிட்டோம். கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து, வெட்டுண்ட அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டை அவர் கண்டுபிடித்தது அம்மியை வைத்து. ஒன்பதாவது காம்பிராவின் பின்பக்கம் நாங்கள் ஓரமாக அடுக்கி வைக்காமல் விட்ட ஒரு அம்மி, பாதி மண்ணில் புதைந்திருந்தது. முனை ஒன்று உடைந்து போயிருந்தது. அதன் நடுப்பள்ளம் நேராக இல்லை. இடப்பக்கம் சரிந்து ஆழமாகத் தேய்ந்திருந்தது. பாட்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "எங்கம்மாவுக்கு எடக்கை" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மற்ற அம்மிகளை அளவெடுக்க வசதியாகப் பெரட்டுக்களத்தில் வரிசையாக அடுக்கிவிட்டிருந்தோம். எது எந்தக் காம்பிராவிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு ஆறுக்குத்தான் இருந்தது. இது எங்கள் இரண்டாவது பிழை.

காம்பிரா காம்பிராவாக

அன்றே வேலை முறையை மாற்றினோம். மூன்றாம் லயத்தின் மிச்சப் பாதியிலும் நான்காம் லயத்திலும் கத்தி வைப்பதில்லை. ஒற்றையடி வழி மட்டும் எடுத்து, செடிகளைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்த பிறகே எதையும் தொடுவது. அந்தப் பதினெட்டுக் காம்பிராவில் பதினாறைத் தாத்தாவும் பாட்டியும் அடையாளம் சொன்னார்கள். ஒரு குரோட்டன், ஒரு கொய்யா, ஒரு வெற்றிலைக் கொடி போதுமாக இருந்தது. வெட்டிய பகுதியில் நிலைமை வேறு. அங்கே என் கைபேசியிலிருந்த பதினொரு படம் கைகொடுத்தது. பெரிதாக்கிப் பார்த்ததில் மூன்று படத்தின் ஓரத்தில் செடிகள் விழுந்திருந்தன. அவற்றை வைத்து ஐந்து காம்பிரா தெரிந்தது. மற்றவை பக்கத்து வீட்டுக் கணக்கில், இவர் வீட்டுக்கு அடுத்தது அவர் வீடு என்று எண்ணி எடுத்தவை. மொத்தம் முப்பத்தொன்றுக்கு ஆள் கிடைத்தது. பதினேழுக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு காம்பிராவுக்கும் மூன்று கேள்வி கேட்டோம்: யார் இருந்தார்கள், எப்போது போனார்கள், எங்கே போனார்கள். மூன்றாவது கேள்வியின் பதில்கள்தான் என்னைத் தூக்கிப் போட்டன. முப்பத்தொன்றில் பதினெட்டுக் குடும்பம் கப்பலேறி இந்தியா போனது. ஐந்து குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போனது. கீழ் டிவிஷனுக்கு இறங்கியது எட்டே எட்டு.

எது முதலில், எது பிறகு என்பதைத் தாத்தா தெளிவாகச் சொன்னார். "மலை வெடிச்சப்ப லயத்துல ஆள் எங்க இருந்துச்சு? எட்டு வீட்டுல வெளக்கு எரிஞ்சுச்சு. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே காலி. எட்டு வீட்டுக்காக டிவிஷன் நடத்துவானா? வெடிப்ப சாக்கா வச்சு எறக்கிட்டான்."

இதன் வேர் எங்கே என்று படித்தவர்களுக்குத் தெரியும். 1948, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டங்களால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒன்பது லட்சத்து 75 ஆயிரம் பேரில் ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பேசிக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாருக்கும் எந்தக் காம்பிராவில் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. மேல் டிவிஷனில் ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார், தம்பி இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுபதுகளில் ஒவ்வொரு தவணையும் குறைந்துகொண்டே போனதைத் தாத்தா விரல் விட்டு எண்ணிச் சொன்னார். தலைமன்னாருக்குப் போன ரயிலை அவர்கள் "அழுகைக் கோச்சி" என்றார்கள். ஏறினவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். 1984இல் கப்பல் நின்றது. பேர் பதிந்து காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே தங்கிவிட்டார்கள்.

கப்பலில் அம்மி கொண்டு போக முடியாது. பதினாறு அம்மி கிடந்ததற்கு அதுதான் காரணம்.

நான் இத்தனை வருஷம் வகுப்பில் சொன்னது தவறு. பொய்யில்லை, ஆனால் கடைசியில் நடந்ததை மட்டும் காரணமாகச் சொன்னது. மண் சரிவதற்குள் ஊர் காகிதத்தில் காலியாகிவிட்டிருந்தது.

சாமி

லயங்களுக்கு மேலே ஒரு பெரிய மரத்தடியில் முனியாண்டி. உருவம் கிடையாது, நட்ட கல்லும் துருப்பிடித்த சூலமும்தான். விறகு மரம் நடும்போது இடிபட்டுவிடும் என்று இளைஞர்கள் கல்லையும் சூலத்தையும் கீழே கொண்டு வந்துவிட வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் எதிர்ப்பக்கம்.

முடிவெடுப்பதற்கு முன், போனவர்களிடமும் கேட்க வேண்டும் என்று பாட்டி சொன்னார். கூடலூரில் அவருடைய சின்னம்மா பிள்ளைகள் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் அந்தக் குடும்பத்துக்கு வேலை கிடைத்தது. மேல் டிவிஷனில் சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்றுதான். அதில் பாட்டியை உட்கார வைத்து வீடியோவில் கூப்பிட்டோம். மரத்தையும் கல்லையும் காட்டினோம். அந்தப் பக்கம் ஒரு பெரியவர், "அக்கா, அந்த மண்ணு இங்கதான் இருக்கு" என்றார். 1970களில் கப்பலேறும்போது அவருடைய அப்பா அந்த மரத்தடியிலிருந்து பிடிமண் எடுத்து முடிந்து கொண்டு போனாராம். கூடலூரில் அதை வைத்துத்தான் கோயில் கட்டியிருக்கிறார்கள். கைபேசியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். தகரக் கொட்டகை, உள்ளே நட்ட கல், சூலம், சுற்றிலும் தேயிலை. சட்டென்று பார்த்தால் எந்தக் கரை என்று சொல்ல முடியாது.

தீர்மானம் அங்கேயே முடிந்தது. கல்லை அசைக்கவில்லை. பாட்டி ஒரு பிடி மண் எடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினார். கீழ் டிவிஷன் மாரியம்மன் கோயில் வளவின் மூலையில் அது இப்போது இருக்கிறது.

பெயர்களை என்ன செய்வது

முப்பத்தொரு காம்பிராவின் விவரத்தையும் படத்தோடு இணையத்தில் போட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. எனக்கும் முதலில் அதுதான் எண்ணம். காம்பிரா வரிசையை உற்றுப் பார்த்தபோது கை தயங்கியது. லயங்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. எண்ணோடு பேரைப் போட்டால், ஒருவருடைய பேரப்பிள்ளையின் சாதியை அவர் கேட்காமலே ஊருக்குச் சொன்னதாகிவிடும். குடியுரிமைத் தாள்களில் பெயரும் வயதும் மாறிக் கிடக்கும் குடும்பங்களும் உண்டு; எந்த விவரம் யாருக்கு வினையாகும் என்று சொல்ல முடியாது.

அதனால் இரண்டு பதிவு வைத்தோம். பெயர், உறவு, போன இடம் எல்லாம் எழுதிய கையெழுத்துப் பேரேடு ஒன்று. அது கோயில் பெட்டகத்தில் இருக்கிறது, தன் குடும்பத்தைத் தேடி வருகிறவர் வந்து பார்க்கலாம். வெளியே கொடுப்பதற்கு எண்களும் செடிகளும் மட்டும் உள்ள வரைபடம் ஒன்று. பிள்ளைகளில் ஒருத்திக்கு இதில் உடன்பாடில்லை. மறைத்து வைத்தால் மறுபடியும் மறந்துதான் போவார்கள் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் முடிவை நான் மாற்றவில்லை.

பிறகு நடந்தது

மலை வெடித்த இடத்தைத் தாத்தா காட்டினார். மூன்றாம் லயத்துக்கு மேலே, பழைய கான் (வடிகால்) ஒன்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு அது ஓடுகிறது. கான் தூர்ந்து, மழைத் தண்ணீர் நேரே வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. அதற்கு நேர்கீழேதான் நடு டிவிஷன் லயங்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்கள் மூடிப்போனதை மறந்தவர்கள் மலையகத்தில் இல்லை. வெடிப்பின் வரைபடத்தைக் கிராம அலுவலர் மூலம் எழுத்தில் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். கானைத் தூரெடுக்க நிர்வாகம் ஆறு பேருக்கு நான்கு நாள் கூலி வேலை கொடுத்தது. ஊரைப் பதிவு செய்யப் போன வேலையில் நடு டிவிஷனுக்கு உடனடியாகக் கிடைத்த பலன் இதுதான்.

கோயில் மரத்தையும் புதைகாட்டையும் விட்டுவிட்டு நடுவதாகச் சின்னத்துரை சொல்லியிருந்தார். நடும் காலத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். கொந்தரப்புக்கு (ஒப்பந்த வேலைக்கு) வந்த ஆட்களுக்கு யாரும் எல்லை காட்டவில்லை. புதைகாட்டில் தலைமாட்டுக் கல் தவிர வேறு அடையாளம் கிடையாது. அவர்கள் கண்ணுக்கு அது வெறும் கல்லுக்காடு. கணக்குப்பிள்ளை விஷயம் கேள்விப்பட்டு ஓடிப் போய் நிறுத்துவதற்குள் மேல் ஓரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட குழி வெட்டிவிட்டார்கள். எலும்பு எதுவும் மேலே வரவில்லை. குழிகளை மூடினோம். ஆனால் பெயர்த்துப் போட்ட கற்களை எந்த மேட்டுக்கு எது என்று தெரியாமல் ஓரமாகத்தான் அடுக்க முடிந்தது. அந்தக் குவியலைப் பாட்டிக்கு இன்னும் நான் காட்டவில்லை.

லயங்கள் இருந்த மேட்டில் இப்போது கருப்பந்தைலக் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. சுவர்களை இடிக்கவில்லை, இடையிடையே நட்டிருக்கிறார்கள். தேயிலை மரங்களில் பாதி வெட்டப்பட்டுவிட்டன.

இன்னொரு முறை செய்வதானால்

முதல் நாளே பெரியவர்களைக் கூட்டிப் போவேன். அளவுநாடாவும் எண்ணும் பிறகு. அவர்களால் ஏற முடியாவிட்டால், கத்தி எதுவும் படாத இடத்தை ஒவ்வொரு அடியாகப் படமெடுத்து வந்து அவர்கள் மடியில் வைத்துக் காட்டுவேன். புதரை எடுப்பதென்றால் மானாப்புல்லையும் உன்னிச்செடியையும் மட்டும் எடுத்து, யாரோ கையால் நட்டதாகத் தோன்றும் எதையும் விட்டுவிடச் சொல்வேன். மலையில் தானாக முளைக்காத செடி எது என்பதை ஒரு வயதான பெண் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். எங்களுக்கும் சொல்லியிருப்பார், நாங்கள் கேட்கவில்லை.

எந்தப் பொருளையும் கிடந்த இடத்தில் வைத்தே படமெடுப்பேன். அம்மியைத் தூக்கி வரிசையில் வைத்த பிறகு அது வெறும் கல்.

அனுமதியை எழுத்தில் வாங்குவேன். கோயிலுக்கும் புதைகாட்டுக்கும் எல்லைக்கல் நட்டு, வெள்ளை அடித்து, அனுமதியின் நகலைப் பெரியதுரை (தோட்ட மேலாளர்), கிராம அலுவலர், கோயில் குழு மூவரிடமும் கொடுப்பேன். தோட்டத்தில் துரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள். வாய்வார்த்தை அவர்களோடு போய்விடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்திருந்தும் கேட்கக் கூச்சப்பட்டேன்.

பேரேட்டில் பதினேழு காம்பிரா இன்னும் வெற்றாக இருக்கிறது. அதில் பதினைந்து நாங்கள் வெட்டித் துப்புரவாக்கிய பகுதியில் உள்ளவை. கூடலூர்க்காரர்கள் மூலம் கோத்தகிரியில் ஒரு அம்மாளின் எண் கிடைத்திருக்கிறது. இரண்டாம் லயத்தில் நாரத்தை மரம் நின்ற வீடு தங்களுடையது என்கிறாராம். கொழுந்து குறையும் நாட்களில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். பாட்டியும் கூட இருந்து பேசுவதாக ஏற்பாடு.